ஆஸ்பத்திரித் தொட்டி இழுக்காமல் போன கோடை

ஓடுகிற தண்ணீரின் சத்தம் மற்றவர்களுக்கு எப்படியோ, என்னை இன்றைக்கும் இருந்த இடத்தில் இருக்க விடாது. மகன் வீட்டில் யாராவது கக்கூசில் சங்கிலியை இழுத்துவிட்டு வந்தால், தொட்டி மறுபடி நிறைந்து குழாய் அடைபடும் வரை நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். மருமகளுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டாள். திருவனந்தபுரத்தில் குடிதண்ணீர் இலாகாவில் குழாய் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது ஒட்டிக்கொண்ட நோய் என்று வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் இலாகாவில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். பழைய கட்டடங்களின் மூத்திரப்புரைகளில் இருக்கும் தானியங்கித் தொட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவாம். கழற்றிப் பார்த்ததில் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, சங்கிலியும் இல்ல, மிதவையும் இல்ல. ஆளே தொடாம இது எப்படித்தான் தண்ணி விட்டுது?" என்று கேட்டார்கள்.

சொன்னேன். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு, தொட்டியைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று மனது கிடந்து உழன்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மாமாவுக்கு இரும்புக்கடை இருந்தது. அங்கே ஆணியும் கொண்டியும் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த என்னை, நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் வேலை தொடங்கியபோது, மாமாவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மண் வெட்டினேன், குழாய் சுமந்தேன், சணலைத் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றி மூட்டு அடைக்கப் படித்தேன். குழாயில் மரை வெட்டத் தெரிந்ததும் பிட்டர் ஆனேன். இதற்கு எத்தனை வருஷம், எத்தனை தடவை கை வெந்தது என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாத கதை.

எனக்கு மேலே ஓவர்சியராக இருந்தவர் பரமேஸ்வரன் பிள்ளை. மெலிந்த மனிதர். என்ன வெயிலானாலும் கறுப்புக் கோட்டு போடாமல் வரமாட்டார். வேலை நடக்கும் இடத்துக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மடித்து, ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ தொங்கவிடுவார். பிறகு எதையும் தொடாமல் நின்று பார்ப்பார். குழாய் உடைந்து தெரு முழுக்க வெள்ளமாக இருந்தாலும் அப்படித்தான். பார்த்து முடித்த பிறகுதான் கேள்வி. நாங்கள் எதைச் சொன்னாலும் மலையாளம் கலந்த தமிழில் ஒரே பதில் வரும்.

"எடோ, அது நீ கண்டதா, கேட்டதா?"

கேட்டது என்றால் போய்க் கண்டுவிட்டு வர வேண்டும். கத்தமாட்டார். கத்தியிருந்தால் எங்களுக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

தானியங்கித் தொட்டியை நான் முதலில் பார்த்தது ஒரு கோர்ட்டுக் கச்சேரிக் கட்டடத்தில். அதுவரை அங்கே மூத்திரப்புரையில் ஒரு குழாயைப் பகல் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் சுவரோரம் மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும். நாற்றமும் போகாது, தண்ணீரும் மிஞ்சாது. ஓவர்சியர் அந்தக் குழாயை அடைத்துவிட்டு, மேலே ஓர் இரும்புத் தொட்டியை ஏற்றச் சொன்னார்.

அதன் சூட்சுமம் சுலபம். தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் உள்ளே நிமிர்ந்து நிற்கும். அந்தக் குழாயின் தலைமேல் பூஜை மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஓர் இரும்பு மூடி. மூடியின் கீழ் விளிம்பு தொட்டியின் அடியைத் தொடாது, இடைவெளி விட்டு நிற்கும். தொட்டிக்குள் சின்னக் குழாயிலிருந்து நூல் போலத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஏற ஏற மணிக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படும். கடைசியில் தண்ணீர் உள்குழாயின் வாயைத் தாண்டி விழும். விழும்போது காற்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். காற்றுப் போன இடத்தை நிரப்ப, தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழே பாய்ந்துவிடும். தண்ணீர் வடிந்து மணியின் அடி தெரிந்ததும் காற்று உள்ளே புகும், பாய்ச்சல் நிற்கும். மறுபடி நூல் போல விழ ஆரம்பிக்கும். இதை நாங்கள் 'தொட்டி இழுக்கிறது' என்போம்.

"சேர்த்து வச்சு ஒண்ணா விட்டா கொஞ்சம் வெள்ளம் மதி. ஒழுக விட்டா ஆறு முழுக்க வந்தாலும் மதியாவாது," என்றார் ஓவர்சியர். வெள்ளம் என்று அவர் சொல்வது வெறும் தண்ணீரைத்தான்; மதி என்றால் போதும்.

முதல் நாள், வழக்குக்கு வந்த ஒருவர் உள்ளே போய் நிற்கவும் தொட்டி இழுத்தது. மனிதர் வேட்டியைப் பிடித்தபடி வெளியே ஓடிவந்து, "நான் ஒண்ணையும் தொடல்லே, சாமி சத்தியமா தொடல்லே," என்று வாசலில் நின்ற சேவகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கார் சாமானை உடைத்துவிட்டோம் என்று அவருக்கு உதறல். நாங்கள் சிரித்தோம். அதே உதறல் எனக்கு வர அதிக காலம் ஆகவில்லை.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. ஆற்றில் தண்ணீர் இறங்கி, எடுக்கிற தண்ணீரும் கலங்கலாக வந்தது. நகரத்துக்குக் காலையிலும் மாலையிலும் மட்டும் தண்ணீர் விடுவதென்று ஆயிற்று. எல்லாக் கட்டடங்களிலும் செலவைக் குறைக்க வேண்டும், தானியங்கித் தொட்டிகளின் குழாயைத் திருகி ஒடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி செல்லம்மாளுக்குப் பேறுகாலம். எங்கள் முதல் குழந்தை ஊரில் வைத்துப் பிறந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நகரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பிரசவ வார்டுக்கும் வெளிநோயாளிகளின் மூத்திரப்புரைக்கும் இடையே ஒரு சுவர்தான். இரண்டுக்கும் தண்ணீர் மொட்டைமாடியில் இருந்த ஒரே பெரிய தொட்டியிலிருந்து வரும். அவளை விட்டுவிட்டு வரும்போதே கவனித்தேன், ஜன்னல் வழியாக நாற்றம் வீசிக்கொண்டிருந்தது. மனதுக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் காலையில் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார்.

"சிவதாணு, ஆஸ்பத்திரியிலே மாடித் தொட்டி ரெண்டு நாளா காலையிலே காலி. ஆபரேஷன் நின்னு போச்சு. பெரிய டாக்டர் எஞ்சினீயரை விளிச்சுச் சத்தம் போட்டாராம். வா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி மானேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், எல்லோரும் சுவாமி என்றுதான் அழைப்பார்கள். முகம் வெளிறி, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தோட்டிதான் குழாயைத் தெறந்து விட்டிருக்கான் ஓவர்சியர்வாள். ராத்திரி முழுக்க ஓடிப்போயிருக்கு. அவனை நிறுத்தியாச்சு. லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லியாச்சு. பெரிய டாக்டர் உத்தரவு."

அந்தத் தோட்டி சுடலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கென்று கொண்டுவந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில் மனைவி மக்களோடு இருந்தார். மூத்திரப்புரைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்த அவரிடம் போனேன்.

"என்ன சுடலை, நீங்களா தொறந்தது?"

"நாந்தான் பிட்டரய்யா. மொதல்ல ஒடுக்கச் சொன்னாவ, ஒடுக்குனேன். தொட்டி இழுக்காம நின்னு போச்சு. சும்மா ஒழுகிட்டே கெடந்துது. வார்டுல நாத்தம் தாங்கலன்னு நர்சம்மா சத்தம் போட்டாவ. தொறக்கச் சொன்னாவ, தொறந்தேன். அப்பமும் இழுக்கல. இன்னும் தொறன்னாவ."

"யாரு சொன்னது?"

அவர் மானேஜரின் அறை இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா நம்புவாவளா? வீட்டுல சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டா எம் பொண்டாட்டி."

நான் ஓவர்சியரிடம் வந்து சொன்னேன். அவர் கோட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கீழ்க்குழாயில் காதை வைத்து நின்றார். வெகுநேரம் நின்றார். எனக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் முனகும் சத்தம் வந்தது. அது செல்லம்மாளா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. கட்டின மனைவியின் முனகல் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"இழுக்கல்லே. வந்த வெள்ளம் வந்தபடி போகுது. மணியைத் தூக்கு," என்றார் ஓவர்சியர்.

ஏணி வைத்து ஏறினேன். சின்னக் குழாயை அடைத்துவிட்டு மணியை இரண்டு கையாலும் தூக்கினேன். அதன் அடி விளிம்புக்குச் சற்று மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். தொட்டி ஒவ்வொரு முறை காலியாகும்போதும் அந்தத் துளை வழியாகத்தான் மணிக்குள் காற்று சரியாக நிறையும். அந்தத் துளையைக் காணவில்லை. கலங்கல் தண்ணீரின் வண்டலும் துருவும் சேர்ந்து கருப்பட்டி போல அடைத்திருந்தது. உள்ளே காற்று நிறையாமல் தண்ணீர் அரைகுறையாகத் தங்கிவிட்டால், அடுத்த தடவை இழுக்க எதுவும் இல்லை. சின்னக் குழாயிலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் ஒழுகிப் போகும். குழாயைப் பெரிதாகத் திறந்தால் பெரிதாக ஒழுகும். மாடித் தொட்டி காலியான கதை அதுதான்.

ஸ்டவ்வுக்குக் குத்தும் ஊசியை வாங்கித் துளையைக் குத்தித் திறந்தேன். மணியைத் தேய்த்துக் கழுவித் திரும்பப் பொருத்தினேன். இனி, இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும். நான் சின்னக் குழாயில் கை வைத்தேன்.

"அதைத் தொடாதே. மாடியிலே மிச்சம் இருக்கிற கொஞ்சம் வெள்ளம் பிரசவ வார்டுக்கு. கிணத்திலிருந்து கொண்டு வா," என்றார் ஓவர்சியர்.

கிணறு முற்றத்தின் மறு கோடியில் இருந்தது. நான் ஒருவனாக இறைத்துச் சுமந்து ஏணி ஏற வேண்டும். சுடலை நான்கு பழைய வாளிகளோடு வந்து நின்றார்.

"நான் சுமக்கேன் அய்யா."

"உங்களைத்தான் நிறுத்தியாச்சே சுடலை."

"வேலையில்லாதவன்தானே. சும்மா நிக்கதுக்குச் சுமக்கேன்."

கிணற்றுப் பக்கம் அவரை விடமாட்டார்கள். நான் இறைத்து ஊற்றினேன், அவர் சுமந்துபோய் ஏணியில் ஏறித் தொட்டியில் கொட்டினார். கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஒவ்வொரு வாளிக்கும் நான் வார்டு வாசலைப் பார்த்தேன். அடைத்த கதவு அப்படியே இருந்தது.

தொட்டி நிறைந்தது. மூவரும் அண்ணாந்து நின்றோம். தண்ணீர் குழாய் வாயைத் தாண்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பாயவில்லை. கீழே மெல்லிசாக ஒழுக ஆரம்பித்தது. சுடலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுமந்த தண்ணீர் முழுக்க எங்கள் கண் முன்னால் சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்குப் போயிற்று. எனக்கு மணியை எடுத்து உடைத்துவிடலாம் போல இருந்தது.

ஓவர்சியர் ஏணியில் ஏறினார். அவர் ஏறி நான் பார்த்ததில்லை. தொட்டியின் விளிம்பில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவரில் பதித்த தாங்கி ஒரு பக்கம் இறங்கியிருந்தது; தொட்டி சரிந்திருந்தது. தண்ணீர் குழாய் வாயின் ஒரே ஓரமாக வழிந்து, உள்சுவரை ஒட்டியே இறங்கிக்கொண்டிருந்தது. காற்றைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் அது சுற்றிலும் ஒரே சீராக விழ வேண்டும். நிறையத் தண்ணீர் வந்துகொண்டிருந்த நாளில் இந்தச் சரிவு தெரியவில்லை. குழாயை ஒடுக்கிய பிறகுதான் குற்றம் வெளியே வந்திருக்கிறது.

ஈயத் தகட்டை மடித்துத் தாங்கியின்மேல் செருகி, தட்டித் தட்டித் தொட்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி கிணறு. ஏணியடியில் நிறைந்த வாளிகள் தயாராக இருந்தபோது வார்டுக் கதவு திறந்து ஒரு சிஸ்டர் ஓடிவந்தாள்.

"வெள்ளம் உண்டோ? இவிடே ஒரு துள்ளி இல்லை."

"யாருக்கு சிஸ்டர்? செல்லம்மாளுக்கா?"

"ஆர்க்கானால் என்ன? பிரசவமாணு. தரூ."

நான் ஓவர்சியரைப் பார்த்தேன். என் மனைவி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். அவர் வாளிகளைக் கையால் காட்டினார். நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே சுடலை இரண்டைக் கொண்டுவந்தார். சிஸ்டர் அவர் கையிலிருந்தே வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே நின்ற யாரும் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஒரு பெண் அலறினாள். நான் கதவருகே நின்றேன்.

"சிவதாணு, அவிடே நின்னிட்டு ஒண்ணும் ஆவாது. வெள்ளம் கோரு," என்றார் ஓவர்சியர், என் பின்னால் வந்து. வழக்கத்தைவிடத் தணிந்த குரல்.

மறுபடி இறைத்தேன். எத்தனை வாளி என்று எனக்கு நினைவில்லை. இந்தத் தடவை தண்ணீர் குழாய் வாயைத் தாண்டியதும் மணிக்குள் ஒரு விக்கல் கேட்டது. பிறகு தொண்டையைக் காறுவது போல ஒரு சத்தம். அடுத்த கணம் தொட்டி முழுவதும் கீழே இறங்கி, சுவரையும் காடி வாய்க்காலையும் அடித்துக் கழுவிக்கொண்டு ஓடியது. கடைசியில் காற்று உறிஞ்சும் சத்தம், பிறகு அமைதி. சுடலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓவர்சியர் திருப்தி அடையவில்லை. இன்னொரு தடவை நிறைக்கச் சொன்னார். அதுவும் இழுத்தது. பிறகு சின்னக் குழாயைத் தானே திருகி, நூல் அறுந்து சொட்டாக மாறுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அதன்பின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மானேஜரின் அறைக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார்.

"சுவாமி, தோட்டி குழாயைத் தெறந்தான்னு சொன்னீங்க. அவன் தானாகத் தெறந்ததை நீங்க கண்டதா, கேட்டதா?"

மானேஜர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தொட்டி கேடாயிருந்தது. ஆரு தெறந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தெறந்தவன் மேலே குத்தமில்லை, தெறக்கச் சொன்னவர் மேலேயும் குத்தமில்லை. நான் எஞ்சினீயருக்கு அப்படித்தான் சொல்லப் போறேன். ஆனா ஒரு குடும்பம் சாமானை வெளியே வச்சிட்டு நிக்குது."

மானேஜர் மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் தெறக்கச் சொன்னேன்," என்றார் மானேஜர். "நாத்தம் தாங்கலேன்னு மேட்ரன் வந்து நின்னா. தெறடான்னேன். பெரிய டாக்டர் கேக்கறச்சே வாய் வரல்லே. எனக்கும் புள்ளை குட்டி இருக்கு ஓவர்சியர்வாள்."

"சரி. வாங்க, நாம ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்," என்றார் ஓவர்சியர்.

அவர்கள் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஓவர்சியர் அதைப் பிறகும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சுடலையின் மனைவி பாத்திரங்களை மறுபடி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று சிஸ்டர் வந்து சொன்னாள். அப்போது நான் சாப்பிடாதது நினைவுக்கு வந்து, கிழக்கேகோட்டைக்குப் போய்க் காப்பி கிளப்பில் இட்லி தின்றேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இரண்டொரு நாளில் செல்லம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தகித்தது; பிதற்றினாள். பேறுகாலக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும், திரும்பி வருகிறவர்கள் குறைவு. பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே வந்து, அதே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் உள்ளே கொடுத்தனுப்பிய வாளிகள் எங்கேயிருந்து வந்தவை? மூத்திரப்புரையைக் கழுவும் சாமான் அறையிலிருந்து சுடலை எடுத்து வந்தவை. கிணற்றடியில் அவற்றை நான் கழுவினேனா? ஒரு தடவை அலசியது போலவும் இருந்தது, அலசாதது போலவும் இருந்தது.

சுடலையிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அந்தப் பயத்தை அவர் தலையிலும் ஏற்றிவிடுவேன். வேலைக்குப் போனேன், ஈயம் காய்ச்சினேன், கையில் வேலை ஓடவில்லை. குழாயில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாலே அந்த வாளிகள் கண்ணில் வந்து நின்றன. கடைசியில் பொறுக்க மாட்டாமல், அன்றைக்குத் தண்ணீர் கேட்டு வந்த அதே சிஸ்டரை வராந்தாவில் மறித்துச் சொல்லிவிட்டேன். அவள் மருந்துத் தட்டைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"இதுக்கா இத்ர நாளும் முகம் இப்படி? கிணத்து வெள்ளமாயாலும், குழாய் வெள்ளமாயாலும், திளைப்பிக்காம ஒரு துள்ளி உள்ளே போவாது. நான்தன்னே அடுப்பிலே வச்சது. அன்னு வேற மூணு பேர் பெத்தாங்க. அவங்களுக்குப் பனி உண்டோ?"

பனி என்றால் அவள் பேச்சில் காய்ச்சல். தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். செல்லம்மாளின் நெற்றி குளிர்ந்து, அவளாகக் கஞ்சி கேட்ட அன்றைக்குத்தான் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது.

அவளை வீட்டுக்கு அழைத்துப்போன நாளில், வில்வண்டி வாசலுக்கு வரக் காத்திருந்தோம். சுடலை மூத்திரப்புரைப் பக்கத்திலிருந்து வந்து, வழக்கம்போல எட்டி நின்றார். தொட்டியின் குழாயில் அவர் அதன்பிறகு கை வைத்ததே இல்லை. ஒடுக்க வேண்டுமானாலும், திறக்க வேண்டுமானாலும், எங்கள் ஆபீஸ் வரை நடந்து வந்து என்னைக் கூட்டிப்போவார்.

"யாரு அது?" என்று செல்லம்மாள் கேட்டாள்.

"சுடலை. அன்னைக்கு உனக்குத் தண்ணி சுமந்தவரு."

அவள் நடக்க முடியாமல் நடந்து அவரை நோக்கிப் போனாள். அவர் இரண்டடி பின்னால் போனார். அவள் இன்னும் இரண்டடி போய்க் குழந்தையின் முகத்துணியை விலக்கி நீட்டினாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"தீர்க்காயுசா இருக்கட்டும் தாயி," என்றார்.

"இன்னும் கிட்ட வந்து பாருங்க," என்றாள் செல்லம்மாள்.

வண்டிக்காரன் சத்தம் போட்டான். வாசலில் நின்ற இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிட்ட வந்து பார்க்கும் வரை அவள் கையை மடக்கவில்லை.